50 தடவைக்கு மேல் ‘ரத்து’: ஒபாமாகேர் சட்டத்துக்கு எதிரான அடையாள வாக்கெடுப்புகள் – கேள்வியும் பதிலும்

2011 முதல் 2016 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரே ஒரு சட்டத்தை நீக்கவோ முடக்கவோ திரும்பத் திரும்ப வாக்களித்தது. பெரும்பாலான வாக்கெடுப்புகளின் முடிவு என்ன ஆகும் என்பது வாக்களித்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். பிறகு 2017-ல் அந்தச் சட்டத்தை உண்மையாகவே நீக்கும் அதிகாரம் கைக்கு வந்தபோது, அந்த வாக்கெடுப்புகளை நடத்திய குடியரசுக் கட்சியால் அதைச் செய்ய முடியவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதலில், எந்தச் சட்டம் இது?

அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். எதிர்ப்பாளர்கள் ‘ஒபாமாகேர்’ என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஒபாமாவே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்காவில் நம் ஊர் அரசு மருத்துவமனை போல யாரும் போய் இலவசமாகச் சிகிச்சை பெறும் ஏற்பாடு பொதுவாக இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் காப்பீடு தர வேண்டும், அல்லது சொந்தக் காசில் வாங்க வேண்டும். முதியோருக்கு மெடிகேர், வறியவர்களுக்கு மெடிகெய்டு என்ற அரசுத் திட்டங்கள் உண்டு. இந்த எதிலும் சேராமல் 2010-ல் சுமார் 4.8 கோடிப் பேர் காப்பீடே இல்லாமல் இருந்தார்கள். சொந்தமாக வாங்கப் போனால், ஏற்கெனவே சர்க்கரை நோயோ புற்றுநோயோ வந்தவர் என்று தெரிந்ததும் காப்பீட்டு நிறுவனம் கதவைச் சாத்திவிடலாம்.

புதிய சட்டம் அந்தக் கதவைச் சாத்தக் கூடாது என்றது. 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்றது. ஒருவருக்கு ஆயுள் முழுவதும் இவ்வளவுதான் தருவோம் என்று நிறுவனங்கள் வைத்திருந்த உச்சவரம்பை நீக்கியது. மெடிகெய்டு திட்டத்தை விரிவாக்கியது. நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பிரீமியத்தில் மானியம் கொடுத்தது. கூடவே, காப்பீடு எடுக்காதவர்களுக்கு அபராதமும் விதித்தது. எதிர்ப்பின் கூர்முனை அந்த அபராதத்தின் மீதுதான் இருந்தது. குடிமகனை ஒரு பொருளை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த அரசுக்கு என்ன உரிமை என்ற கேள்வியைக் குடியரசுக் கட்சியினர் உண்மையான கோபத்தோடுதான் கேட்டார்கள். சட்டம் நிறைவேறியபோது அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை.

அடையாள வாக்கெடுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நிறைவேறாது என்று தெரிந்தே நடத்தப்படும் வாக்கெடுப்பை. அமெரிக்காவில் ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டும் அதை ஏற்க வேண்டும்; அதன் பிறகு அதிபர் கையெழுத்திட வேண்டும். அதிபர் மறுத்துவிட்டால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மட்டுமே அந்த மறுப்பைத் தாண்ட முடியும். 2011-ல் குடியரசுக் கட்சியிடம் பிரதிநிதிகள் சபை மட்டுமே இருந்தது. செனட் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. வெள்ளை மாளிகையில் இருந்தவரோ அந்தச் சட்டத்துக்கே சொந்தக்காரர். தன் பெயரால் அழைக்கப்படும் சட்டத்தை ரத்து செய்ய அவர் கையெழுத்துப் போடுவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

மொத்தம் எத்தனை முறை வாக்கெடுப்பு நடந்தது?

50-க்கு மேல் என்று சொன்னால் தவறில்லை. 60-ஐத் தாண்டியது என்ற கணக்கும் உண்டு. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சட்டம் முழுவதையும் நீக்கும் மசோதாக்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றவை ஒரு பிரிவை மட்டும் நீக்குபவை, நிதியைத் தடுப்பவை, அபராதத்தை ஓராண்டு தள்ளிவைப்பவை, பட்ஜெட் மசோதாவில் ஒட்டாகச் சேர்க்கப்பட்டவை.

முழு நீக்க வாக்கெடுப்புகளில் நினைவில் வைக்க வேண்டியவை: 2011 ஜனவரி 19 (245-189), 2012 ஜூலை 11 (244-185), 2013 மே 16 (229-195), 2015 பிப்ரவரி 3 (239-186). இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே ஒன்று புரியும். நான்கு ஆண்டுகளில் யாருடைய மனமும் மாறவில்லை. அவைக்கு வந்தவர்கள் தாங்கள் ஏற்கெனவே கொண்டிருந்த கருத்தைப் பதிவுசெய்துவிட்டுப் போனார்கள்.

முதல் வாக்கெடுப்பு எப்படி நடந்தது?

2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. புதிய சபாநாயகர் ஜான் பேனர். ‘ஒபாமாகேரை ஒழிப்போம்’ என்று மேடைக்கு மேடை முழங்கி வந்தவர்கள், அவையில் முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. மசோதாவின் பெயரே ‘வேலைவாய்ப்பைக் கொல்லும் சுகாதாரச் சட்டத்தை ரத்து செய்யும் சட்டம்’. அரிசோனா மாநிலத்தில் பெண் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டுப் படுகாயமடைந்ததால் வாக்கெடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது.

அந்த மசோதாவை வாசித்துப் பார்ப்பது நல்லது. நேரம் பிடிக்காது, இரண்டே பக்கம். 2010-ம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படுகிறது, அதனால் திருத்தப்பட்ட பழைய சட்டங்களெல்லாம் ‘இப்படியொரு சட்டம் இயற்றப்படாததுபோல்’ பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் சாரம். நீக்கப்பட வேண்டிய சட்டம் 900 பக்கங்களுக்கு மேல். அதை நம்பி அதற்குள் காப்பீட்டில் சேர்ந்துவிட்ட 23 வயதுப் பெண்ணுக்கு மறுநாள் என்ன ஆகும், மாத்திரைச் செலவில் சலுகை பெறத் தொடங்கிய முதியவருக்கு என்ன ஆகும் என்று அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. சட்டமாகும் என்று நம்பி எழுதப்பட்ட மசோதாவில் இத்தனை பெரிய வெற்றிடத்தை விட்டிருக்க மாட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் நடுநிலையான பட்ஜெட் அலுவலகம், சட்டத்தை நீக்கினால் சுமார் 3.2 கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்றும், பத்தாண்டுகளில் அரசின் பற்றாக்குறை சுமார் 23,000 கோடி டாலர் கூடும் என்றும் அப்போதே மதிப்பிட்டது. விவாதத்தில் அந்த எண்களை இரு தரப்பும் மேற்கோள் காட்டின. வாக்கில் அவை எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. ஜனநாயகக் கட்சியின் மூன்று பேர் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். மசோதா செனட்டுக்குப் போனது. அங்கே பிப்ரவரி 2 அன்று 47-51 என்று தோற்றது.

அவையில் வாக்களிப்பது எப்படி இருக்கும்?

பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்களுக்கு என்று தனி இருக்கை கிடையாது. நாற்காலிகளின் முதுகில் ஆங்காங்கே சிறு வாக்குப் பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். உறுப்பினர் தன் அட்டையைச் செருகி ஒரு பொத்தானை அழுத்துவார். ஆதரவு என்றால் பச்சை, எதிர்ப்பு என்றால் சிவப்பு, ‘அவையில் இருக்கிறேன்’ என்று மட்டும் பதிவுசெய்தால் மஞ்சள். சுவரில் ஒளிரும் பெயர்ப் பட்டியலில் அவரவர் பெயருக்கு எதிரே அந்த நிறம் தெரியும். வழக்கமாகப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் தோளில் தட்டிப் பேசிக்கொண்டே, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கோடிக்கணக்கானவர்களின் காப்பீட்டை நீக்க வாக்களித்துவிட்டுப் போகலாம். எதுவும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்தால் கை நடுங்க வேண்டியதில்லை.

செனட்டில் இது வேறு மாதிரி. எழுத்தர் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உறுப்பினர் குரலாலோ கையசைவாலோ பதில் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு 2017-ல் உலகமே பார்த்த ஒரு காட்சிக்குக் காரணமாயிற்று, கீழே வருகிறேன்.

பலிக்காது என்று தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்ப?

காரணங்கள் பல, எல்லாமே மோசமானவை அல்ல.

முதலாவது, வாக்குறுதி. நீக்குவேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர், நீக்க முயலாமல் ஊர் திரும்ப முடியாது. அவை உறுப்பினரின் வாக்கு என்பது பகிரங்கமான பதிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாக்காளர் அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கிறார். இதை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, நாட்காட்டி. பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். புதிய சபை கூடியதும் பழைய மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகிவிடும். புதிதாக வந்தவர்கள் ‘நாங்களும் எதிர்த்து வாக்களித்தோம்’ என்று தொகுதியில் சொல்ல ஒரு வாய்ப்புக் கேட்பார்கள். 2013 மே மாத வாக்கெடுப்பு முக்கியமாக அதற்காகவே நடந்தது. 2012 தேர்தலில் ஒபாமா மீண்டும் வென்றபின், அந்தச் சட்டம் இப்போது நாட்டின் சட்டம்தான் என்று ஒப்புக்கொண்ட அதே பேனர்தான் ஆறு மாதம் கழித்து அதற்கு நாள் குறித்தார்.

மூன்றாவது, உட்கட்சித் தேர்தல். அமெரிக்காவில் கட்சித் தலைமை டிக்கெட் கொடுப்பதில்லை. கட்சி ஆதரவாளர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்வு செய்கிறார்கள். உட்கட்சிப் போட்டியில் ‘இவர் ஒபாமாகேருக்கு எதிராகப் போதுமான அளவு போராடவில்லை’ என்று ஒரு போட்டியாளர் சொல்லிவிட்டால் போதும், பதவி ஆட்டம் கண்டுவிடும். ஒவ்வொரு வாக்கெடுப்பும் அதற்கு எதிரான ஒரு கவசம்.

நான்காவது, எதிர்த்தரப்பை மாட்டிவைப்பது. குடியரசுக் கட்சி செல்வாக்குள்ள தொகுதியில் வென்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினரை ‘சட்டத்தைக் காப்பாற்றினார்’ என்ற பதிவுக்குள் தள்ளிவிடலாம். அது அடுத்த தேர்தலில் தொலைக்காட்சி விளம்பரமாகும்.

நிறைவேறாத வாக்கெடுப்பால் யாருக்கு என்ன நஷ்டம்? நடத்திவிட்டுப் போகட்டுமே?

என் வருத்தமெல்லாம் இங்கேதான். அவையின் நேரம் வீணாயிற்று என்பது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம், எழுதப்பட வேண்டிய ஒன்று எழுதப்படாமலே போனது.

முதல் வாக்கெடுப்புக்கு மறுநாள், 2011 ஜனவரி 20 அன்று, பிரதிநிதிகள் சபை இன்னொரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நீக்கப்படும் சட்டத்துக்குப் பதிலாக என்ன கொண்டுவருவது என்று மாற்று மசோதா தயாரிக்கும்படி நான்கு குழுக்களுக்கு அது கட்டளையிட்டது. ‘நீக்கி, மாற்றுவோம்’ என்பது கட்சியின் முழக்கம். ‘நீக்குவோம்’ என்ற பாதிக்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடந்தது. ‘மாற்றுவோம்’ என்ற பாதி, ஒபாமாவின் பதவிக்காலம் முடியும் வரை ஒரு முறைகூட முழு மசோதாவாக அவையின் வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2015 பிப்ரவரி மசோதாவிலும் மாற்றுத் திட்டம் தயாரிக்கக் குழுக்களுக்குக் கட்டளை உண்டு. 2016 ஜூனில் அப்போதைய சபாநாயகர் பால் ரையன் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார். அதுவும் மசோதா அல்ல.

இது சோம்பலால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. மாற்று எழுதினால் கட்சிக்குள்ளேயே சண்டை வரும். நோய் உள்ளவர்களுக்கும் காப்பீடு கொடுப்பதென்றால், ஆரோக்கியமானவர்களையும் உள்ளே இழுத்தாக வேண்டும். அதற்கு அபராதமோ மானியமோ தேவை. அபராதம் வேண்டாம் என்பவர்களும் மானியம் வேண்டாம் என்பவர்களும் மெடிகெய்டைக் குறைக்கக் கூடாது என்பவர்களும் ஒரே கட்சியில் இருந்தார்கள். நீக்கும் மசோதாவில் அவர்கள் எல்லோரும் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். மாற்று மசோதாவில் முடியாது. ஆக, எது சுலபமோ அதை 50 தடவை செய்தார்கள், எது கடினமோ அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வாக்கெடுப்பும் வேலை நடக்கிறது என்ற தோற்றத்தைத் தந்தது. அந்தத் தோற்றம் இல்லாமல் இருந்திருந்தால், ‘உங்கள் திட்டம் எங்கே?’ என்று அவர்களுடைய ஆதரவாளர்களே இரண்டாவது ஆண்டில் கேட்டிருப்பார்கள்.

2013-ல் அரசாங்கமே மூடப்பட்டதே, அதுவும் இதோடு சேர்ந்ததுதானா?

ஆமாம், ஆனால் அதை அடையாள வாக்கெடுப்பு என்று தள்ளிவிட முடியாது. பலன் இல்லாமல் பாதிப்பு மட்டும் இருந்த ஒன்று. அரசின் செலவுக்கான மசோதாவோடு ஒபாமாகேருக்கு நிதி தரக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். செனட் மறுத்தது. அக்டோபர் 1 முதல் 16 நாட்கள் அரசின் பல துறைகள் முடங்கின. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், தேசியப் பூங்காக்கள் மூடிக் கிடந்தன. இதற்கு முன்னதாக டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் 21 மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே சட்டத்துக்கு எதிராகப் பேசினார். பேச்சு முடிந்த பிறகு, செலவு மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதற்காக நடந்த முதற்கட்ட வாக்கெடுப்பு 100-0. அவரும் ஆதரித்தே வாக்களித்தார்.

காப்பீடு வாங்குவதற்கான அரசு இணையச் சந்தை அதே அக்டோபர் 1 அன்று, அரசு மூடிக்கிடந்த நிலையிலும், திறந்தது. ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியை நம்பி அது இயங்கவில்லை. இணையதளம் முதல் வாரங்களில் அடிக்கடி செயலிழந்து ஒபாமா அரசுக்குப் பெரும் தலைகுனிவை உண்டாக்கியது. எதிர்க்கட்சி அதை மட்டும் சுட்டிக்காட்டிப் பேசியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். நாட்டின் கவனம் முழுவதும் மூடிய அரசு அலுவலகங்கள் மீது இருந்தது.

ஒரு முறைகூட மசோதா அதிபரின் மேசை வரை போகவில்லையா?

ஒரு முறை போனது. 2014 தேர்தலில் செனட்டும் குடியரசுக் கட்சி வசமானது. ஆனால் செனட்டில் 51 பேர் இருந்தால் மட்டும் போதாது. எதிர்த்தரப்பு விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கலாம், அதை நிறுத்த 60 வாக்கு வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: வரவு செலவு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் ஒரு சிறப்பு நடைமுறையில் சாதாரணப் பெரும்பான்மையோடு நிறைவேற்றலாம். பட்ஜெட்டோடு தொடர்பில்லாத விதிகளை அதில் நுழைக்க முடியாது. அதனால் முழுச் சட்டத்தையும் நீக்க முடியாது; அபராதம், மானியம், மெடிகெய்டு விரிவாக்கம் போன்ற பணம் சார்ந்த தூண்களைச் சாய்க்கலாம்.

அப்படித் தயாரான மசோதா 2015 டிசம்பர் 3 அன்று செனட்டில் 52-47 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் சூசன் காலின்ஸ், மார்க் கிர்க் இருவர் மட்டும் எதிர்த்தார்கள். 2016 ஜனவரி 6 அன்று பிரதிநிதிகள் சபை 240-181 என்று ஏற்றது. இரண்டு நாளில் ஒபாமா திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 2 அன்று அவருடைய மறுப்பைத் தாண்ட நடந்த முயற்சியில் 241-186 கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு வெகு தூரம்.

இதை ஒத்திகை என்றே கட்சியினர் சொன்னார்கள். அடுத்து நம் கட்சி அதிபர் வந்தால் இந்த வழியில் முடித்துவிடலாம் என்று நாட்டுக்குக் காட்டினோம் என்றார்கள்.

2017-ல் மூன்றும் கையில் இருந்தனவே. பிறகு ஏன் முடியவில்லை?

டொனால்டு டிரம்ப் அதிபர், இரு சபைகளும் குடியரசுக் கட்சியிடம். மார்ச் 24 அன்று மாற்று மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வைக்க முடியாமல் பால் ரையன் திரும்பப் பெற்றார். சொந்தக் கட்சியிலேயே வாக்கு போதவில்லை. அதிகப் பழமைவாதிகளுக்கு அது போதுமான அளவு நீக்கவில்லை, மிதவாதிகளுக்கு அது அதிகமாக நீக்கியது. திருத்தி, மே 4 அன்று 217-213 என்று தப்பிப் பிழைக்கவைத்தார்கள். பட்ஜெட் அலுவலகம் திருத்தப்பட்ட மசோதாவை மதிப்பிட்டு முடிப்பதற்குள் வாக்கெடுப்பை முடித்துக்கொண்டு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கொண்டாடினார்கள். இருபது நாள் கழித்து மதிப்பீடு வந்தது: 2026-க்குள் கூடுதலாக 2.3 கோடிப் பேர் காப்பீடில்லாமல் இருப்பார்கள்.

அதற்குள் ஊர்களில் காற்று திசை மாறியிருந்தது. உறுப்பினர்கள் தொகுதியில் நடத்திய கூட்டங்களுக்குச் சக்கர நாற்காலியில் வந்தவர்களும், நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களும் ‘எங்கள் காப்பீடு என்ன ஆகும்?’ என்று நேருக்கு நேர் கேட்டார்கள். ஏழு ஆண்டுகளாகப் பெரும்பாலும் எதிர்ப்பே மிகுந்திருந்த கருத்துக்கணிப்புகளில், சட்டத்தை ஆதரிப்போர் எண்ணிக்கை எதிர்ப்போரை மிஞ்சியது. இழக்கப்போகிறோம் என்ற பயம் வந்த பிறகுதான் பலர் தமக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள்.

2015-ல் செனட் ஏற்ற அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றியிருக்கலாமே?

அதையும் முயன்றார்கள். இந்த வரலாற்றிலேயே நான் மிக முக்கியமாகக் கருதும் வாக்கெடுப்பு அதுதான். செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு.

2017 ஜூலை 26. சிறு மாற்றங்களோடு கிட்டத்தட்ட அதே மசோதா, அதே அவை. முடிவு 45-55, தோல்வி. குடியரசுக் கட்சியில் ஏழு பேர் எதிர்த்தார்கள். சூசன் காலின்ஸ் 2015-லும் எதிர்த்தவர், அவரை விட்டுவிடுவோம். மற்ற ஆறு பேர்: லிசா மர்கோவ்ஸ்கி, ஜான் மெக்கெயின், ராப் போர்ட்மன், டீன் ஹெல்லர், ஷெல்லி மூர் கேபிடோ, லமார் அலெக்சாண்டர். இந்த ஆறு பேரும் பத்தொன்பது மாதங்களுக்கு முன் இதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள்.

அவர்களுடைய மாநிலங்களைப் பாருங்கள். அலாஸ்கா, அரிசோனா, ஒகையோ, நெவாடா, மேற்கு வர்ஜீனியா, டென்னசி. கடைசியைத் தவிர ஐந்தும் ஒபாமாகேரின் கீழ் மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்கள். விரிவாக்கத்தால் காப்பீடு பெற்றவர்கள் 2015 டிசம்பரிலும் அங்கேயேதான் இருந்தார்கள். அப்போது ஒபாமாவின் பேனா அவர்களைக் காக்கும் என்று செனட்டர்களுக்குத் தெரியும். 2017-ல் அவர்களுக்கும் இழப்புக்கும் நடுவே செனட்டரின் வாக்கு மட்டுமே இருந்தது.

அந்த ஆறு பேரைக் கோழைகள் என்றோ கபடதாரிகள் என்றோ சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டாவது முறை சரியாக யோசித்தார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். முதல் முறை யோசிக்காமல் இருக்க முடிந்தது எப்படி என்பதுதான் கேள்வி. விளைவைச் சுமக்க வேண்டியதில்லை என்ற உறுதி ஒரு மக்கள் பிரதிநிதியின் கவனத்தை எவ்வளவு தூரம் மழுங்கடிக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. அதே ஆட்கள், அதே மசோதா, வேறு முடிவு.

மெக்கெயின் கட்டைவிரலைக் கீழே காட்டிய இரவு?

இரண்டு நாள் கழித்து, ஜூலை 28 அதிகாலை ஒன்றரை மணி அளவில். எல்லாத் திட்டங்களும் தோற்றபின் அபராதத்தையும் சில பிரிவுகளையும் மட்டும் நீக்கும் மெலிந்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். இதைச் சட்டமாக்கப்போவதில்லை, பேச்சுவார்த்தைக்கு ஒரு வாகனமாக மட்டுமே பயன்படுத்துவோம் என்று ஆதரித்தவர்களே உத்தரவாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூளைப் புற்றுநோய் என்று அந்த மாதம்தான் தெரியவந்திருந்தது. இடது கண்ணுக்கு மேல் அறுவை சிகிச்சைத் தழும்போடு மெக்கெயின் அவைக்கு வந்திருந்தார். துணை அதிபர் மைக் பென்ஸ் வெகுநேரம் அவரிடம் பேசிப் பார்த்தார். மெக்கெயின் அவையின் முன்பகுதிக்கு நடந்து வந்து, கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே சாய்த்தார். அவையில் மூச்சை இழுக்கும் சத்தம் எழுந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான சக் ஷூமர் தன் உறுப்பினர்கள் கைதட்டிவிடாமல் கையசைத்து அடக்கினார். 49-51. காலின்ஸும் மர்கோவ்ஸ்கியும் அந்த ஜூலை விவாதத்தின் தொடக்கம் முதலே எதிர்த்து நின்றவர்கள். புகழெல்லாம் மெக்கெயினுக்குப் போய்விட்டது என்பது என் சிறிய ஆதங்கம்.

கட்சிக்கு எதிராக வாக்களித்தவர்களின் பதவி பறிபோகவில்லையா?

இல்லை. இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால், கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. தண்டனை கொடுக்க வேண்டுமானால் வாக்காளர்தான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் அந்த வாக்கெடுப்புகளால் எதுவுமே மாறவில்லையா?

சில சிறு மாற்றங்கள் உண்டு, அவை ஓசையில்லாமல் நடந்தவை. 600 டாலருக்கு மேல் யாரிடம் பொருள் வாங்கினாலும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சிறு வணிகர்களை வதைத்த ஒரு பிரிவு 2011 ஏப்ரலில் நீக்கப்பட்டது, ஒபாமாவே கையெழுத்திட்டார். நடைமுறைக்கு ஒவ்வாத நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம் 2013 தொடக்கத்தில் போனது. மருத்துவக் கருவிகள் மீதான வரியும், விலை உயர்ந்த காப்பீடுகள் மீதான வரியும் 2019 டிசம்பரில் இரு கட்சி ஆதரவோடு ஒழிந்தன.

பெரிய மாற்றம் 2017 டிசம்பர் வரிச் சட்டத்தில் வந்தது. காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதம் 2019 முதல் பூஜ்யமானது. சட்டத்தில் மிகவும் வெறுக்கப்பட்ட பகுதி போய்விட்டது, மீதி நின்றது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

மூன்று பெரிய வழக்குகளிலும் சட்டம் தப்பியது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அபராதத்தை ஒரு வகை வரி என ஏற்றது. ஆனால் மெடிகெய்டு விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2015-ல் மானியம் 6-3 என்று காப்பாற்றப்பட்டது. 2021-ல், அபராதம் பூஜ்யமான பிறகு சட்டமே செல்லாது என்ற வழக்கை, வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று 7-2 என்று தள்ளுபடி செய்தது.

ஜனநாயகக் கட்சி இப்படிச் செய்வதில்லையா?

செய்கிறது. கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கும் மசோதாவை 2022 மே மாதம் ஷூமர் செனட்டில் கொண்டுவந்தபோது 60 கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். 49-51 என்று தோற்றது. எதிர்த்தவர்களின் பெயர்களைப் பதிவில் ஏற்றுவதே நோக்கம். ஒரு வேறுபாடு மட்டும் சொல்வேன்: அந்த மசோதா நிறைவேறியிருந்தால் மறுநாள் என்ன நடைமுறைக்கு வரும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஓர் அடையாள வாக்கெடுப்பை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். நாளையே இது சட்டமாகிவிட்டால் கொண்டுவந்தவர்கள் தயாராக இருக்கிறார்களா? 2011-ன் இரண்டு பக்க மசோதா இந்த அளவுகோலில் தேறாது.

சட்டம் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

நிற்கிறது. 40 மாநிலங்கள் மெடிகெய்டை விரிவாக்கிவிட்டன. 2025-ம் ஆண்டுக்கு இணையச் சந்தை வழியே 2.4 கோடிப் பேர் காப்பீடு எடுத்தார்கள். சண்டையின் மையம் மட்டும் மாறிவிட்டது. கொரோனா காலத்தில், 2021-ல், உயர்த்தப்பட்ட பிரீமிய மானியம் 2025 இறுதியில் முடிவுக்கு வருவதாக இருந்தது. அதை நீட்டிக்கக் கோரி இம்முறை ஜனநாயகக் கட்சி செலவு மசோதாவைத் தடுத்தது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அரசு முடங்கியது. முடக்கத்தை முடித்துக்கொள்ளக் கிடைத்த உறுதிமொழி, செனட்டில் மானியம் குறித்து ஒரு வாக்கெடுப்பு. டிசம்பரில் அது நடந்தது. 51-48 கிடைத்தது, 60 தேவைப்பட்டது. கிடைக்காது என்று உறுதிமொழி கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 2026 ஜனவரி மாதப் பிரீமிய ரசீது உயர்த்தப்பட்ட மானியம் இல்லாமல் வீடுகளுக்கு வந்தது.